மழையில் நின்ற ரேஸ்

டயர்க்கடை அடுக்கிலிருந்து முதல் மூன்று டயர்களை லாரி டிரைவர் தானே இறக்கி வைத்தார்.

நாலாவது டயர் வரவில்லை.

இழுத்தார். அசைத்தார். உள்ளே என்னவோ தடுத்தது.

"ஏங்க... கடையில யாரும் இல்லையா?"

மாடியில் கடை முதலாளி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. திங்கட்கிழமை காலை. சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கிற லாரிக்காரருக்குப் பொறுமை ஏது? டயரின் நடுவில் இருந்த இருட்டுக்குள் கையை விட்டார்.

உள்ளே இருந்த இன்னொரு கை அவர் விரலில் பட்டது!

ஜில்லென்று...

"ஐயோ...!"

அவர் போட்ட அலறலில், எதிர்க்கடையில் ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தவர் சாவிக்கொத்தைக் கீழே போட்டார்.

டயர்களை ஒவ்வொன்றாக இறக்கியபோது ஆள் வெளியே வந்தான். நாற்பது வயது. கிரீஸ் படிந்த நீல உடுப்பு. மார்புப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டு. பின்மண்டை உடைந்து ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அந்தக் கடையின் ஃபிட்டர். எவ்வளவு கனமான வண்டி வந்தாலும், "நான் தூக்கறேன், நகருங்க" என்று முன்னால் வந்து நிற்பான். அதனாலேயே ஊர் அவனை ஜாக்கி என்று கூப்பிட்டது.

இப்போது அவனைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. சிரிக்காமல் ஜோக் அடிக்கிற ரகம். கூடவே ஒரு கான்ஸ்டபிள். அவர் ஜோக்கே இல்லாமல் சிரிக்கிற ரகம்.

"இறந்து எவ்வளவு நேரமாச்சாம்?"

"நேத்து மதியம் மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கும்னு சர்ஜன் சொல்றார் மேடம். கனமான இரும்பால பின்னாலேர்ந்து ஒரே அடி."

"கையில என்ன அது?"

ஜாக்கியின் மூடிய விரல்களுக்குள் ஒரு ரப்பர் சுருள். பென்சில் சீவினால் விழுமே, அந்த மாதிரி மெல்லிசாக, கறுப்பாக.

"டயர்க்கடையில ரப்பர் இல்லாம வேற என்ன மேடம் இருக்கும்?" என்றார் பின்னால் வந்து நின்ற முதலாளி. தடித்த மீசை. அழுது சிவந்த கண். "எனக்கு வலது கையே போச்சு மேடம். கடைக்குப் பின்னாடி ரூம்லதான் தங்கியிருந்தான். கல்யாணம்கூடப் பண்ணிக்கல. நேத்து ஊருக்குப் போறேன்னு சொன்னான். போயிட்டான்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்..."

"நேத்து மதியம் நீங்க எங்கே?"

"ஞாயித்துக்கிழமை அரை நாள்தான் கடை. வீட்ல தூங்கினேன். வீட்ல எல்லாரும் வெளியூர்."

மாடி அறையைத் திறந்து காட்டினார். ஐந்து நாற்காலிகள். பெரிய டிவி. சுவரில் ஆணியடித்து மாட்டிய ஐந்து பழைய டயர்கள். ஒவ்வொரு டயரிலும் சாக்பீஸால் ஒரு பெயர்.

"என்ன இது? பிரார்த்தனையா?"

"கார் ரேஸ் மேடம். நாங்க அஞ்சு பேர் ரசிகர்கள். நான், ஜாக்கி, ஒரு வக்கீல், ஒரு டீச்சர், கண்ணாடிக்கடையில வேலை பார்க்கற பல்லி. ரேஸ் நடக்கறது ஞாயித்துக்கிழமை மதியம். ஆளுக்கொரு வேலை இருக்கும். அதனால ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்கோம். யாரும் லைவ்ல பார்க்கக் கூடாது. முடிவையும் கேட்கக் கூடாது. டீச்சர் வீட்ல ரெக்கார்ட் ஆகும். சாயங்காலம் இங்க கூடி, யார் ஜெயிப்பான்னு அவங்கவங்க டயர்ல எழுதிட்டுத்தான் பார்ப்போம்."

கான்ஸ்டபிள் டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேர் கிழவன்னு எழுதியிருக்காங்க மேடம்!"

"கிழவனா? அது யாரு?"

"பச்சை டீம் டிரைவர். வயசானவர், ஜெயிச்சுப் பல வருஷம் ஆச்சு. நேத்து ஜெயிச்சுட்டார்" என்றார் முதலாளி. "ஒண்ணு ஜாக்கி எழுதினது. எல்லா ரேஸுக்கும் கிழவன்தான் எழுதுவான். பெரியவர் பாவம்னுவான். சனிக்கிழமையே எழுதி வெச்சுடுவான். இன்னொண்ணு பல்லி எழுதினது. பல்லி சொன்னா பலிக்கும் மேடம். ரெண்டு வருஷமா அவன் வாக்கு தப்பினதே இல்ல."

குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம்... சொல்லலாமான்னு தெரியல. போன ரேஸ் முடிஞ்சதும் ஜாக்கி எல்லார் முன்னாடியும் சொன்னான். 'நம்ம கூட உக்காந்திருக்கற ஒருத்தர் ஊரை ஏமாத்தறாங்க. எனக்கு மனசு தாங்கல. அடுத்த ரேஸ் முடிஞ்சதும் யாருன்னு சொல்லிடுவேன்'னு. அதைக் கேட்டுப் பல்லி மூஞ்சி செத்துப் போச்சு மேடம்."

*

முந்தின நாள் சாயங்காலம் அந்த அறையில் என்ன நடந்தது என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

"மொபைல்!" முதலாளி பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். "யாராவது முடிவைக் கேட்டுட்டு வந்திருந்தா இப்பவே வெளியே போயிடுங்க. தெரிஞ்சுட்டு உக்காந்தா அது பெத்த தாயை ஏமாத்தற மாதிரி."

"சே சே..." என்றார் வக்கீல்.

"என்ன முதலாளி நீங்க..." என்றார் டீச்சர்.

பல்லி மொபைலைத் துடைத்து டின்னுக்குள் போட்டான்.

"ஜாக்கி எங்கே?" டீச்சர்தான் கேட்டார்.

"ஊருக்குப் போயிட்டான். யாருக்கோ உடம்பு முடியலையாம்."

மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

வக்கீல் தன் டயரில் 'சுருட்டை' என்று எழுதினார். சிவப்பு டீமின் நட்சத்திரம். முதலாளிக்கும் சுருட்டைதான், எப்போதும். டீச்சர் 'அழுமூஞ்சி' என்று எழுதினார். அது வெள்ளி டீம் ஆள். ஜெயித்தாலும் டீமோடு பேசுகிற ரேடியோவில் புலம்புவான்.

பல்லி கண்ணை மூடி நின்றான். சாக்பீஸ் காற்றில் ஆடியது. பிறகு எழுதினான். கிழவன்.

முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். "பல்லி! இன்னிக்கு உனக்கு நேரம் சரியில்ல. கிழவன் கார் முழுசா வீடு வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம்!"

"மழை வரும்னு தோணுது முதலாளி. மழையில அனுபவம் பேசும்."

வக்கீலும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் டிவியைப் பார்த்தார்கள்.

படம் ஓடியது. டிவிக்குச் சத்தம் கிடையாது. வர்ணனை முழுக்க வக்கீல் வாய்தான். மழை கொட்டியது. கார்கள் நின்றன. குடைகள் விரிந்தன. மறுபடி கார்கள் சீறின. கடைசிச் சுற்றில் பச்சை கார் உள்பக்கமாக நுழைந்து அழுமூஞ்சியைத் தாண்டியது.

"கிழவன்!" முதலாளி நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். இறங்கி வந்து பல்லியைக் கட்டிப் பிடித்தார். "டேய், நீ மனுஷனே இல்லடா! பிறவியிலேயே வேற!"

வக்கீலும் டீச்சரும் கை தட்டினார்கள்.

"போனாப் போகுது, அடுத்த வருஷம் சிவப்பு டீம்தான்" என்றார் முதலாளி. "சுருட்டை இருக்கறவரைக்கும் நமக்கு என்ன கவலை?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "நீல டீமுக்குப் போயிடுவார்னு ஒரு பேச்சு அடிபடுது..."

"எவன் சொன்னான்? வதந்தி! சின்ன வயசுல தூக்கிட்டு வந்து வளர்த்த டீம் சார் அது. பெத்த வீடு மாதிரி. அவன் நீல டீமுக்குப் போனா இந்த மீசையை எடுத்துடறேன்!"

"விடுங்க முதலாளி. மீசையை எல்லாம் எதுக்கு இழுக்கறீங்க?" டீச்சர் பதறினார்.

"இல்ல டீச்சர். சொன்னா சொன்னதுதான்!"

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரைக்குக் கீழே, லாரி டயர் அடுக்குக்குள், ஜாக்கி இருந்தான்.

*

"நேத்து மதியம் எங்கே இருந்தீங்க?"

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் பல்லி உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமான உடம்பு. பெரிய கண்ணாடி.

"ஃபிரேம் வாங்க மொத்தக் கடைக்குப் போயிருந்தேன் மேடம்."

"மொத்தக் கடை ஞாயித்துக்கிழமை லீவு."

"அப்போ... எங்க கடையிலதான் இருந்திருப்பேன்."

"இருந்திருப்பீங்களா? உங்க கடைப் பொண்ணு சொல்லுது, மதியம் கண் டெஸ்ட் பண்ற இருட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவர் சாயங்காலம்தான் வெளிய வந்தார்னு. அந்த ரூமுக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. அதைத் திறந்தா டயர்க்கடை கூப்பிடு தூரம்."

பல்லி மூக்கில் நழுவிய கண்ணாடியை மேலே தள்ளினான்.

"ஜாக்கிக்கு வந்த கடைசி போனும் உங்களோடது. என்ன பேசினீங்க?"

பல்லி கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்துக் கசக்கினான்.

"அவர் உங்களைப் பத்தி எதையோ சொல்லிடுவார்னு பயந்தீங்க. அதானே?"

கான்ஸ்டபிள் லாக்கப் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அப்போதுதான் புயல் மாதிரி உள்ளே வந்தாள் பல்லியின் மனைவி. ஆஸ்பத்திரி நர்ஸ். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"இவரா கொலை பண்ணுவார்? என்ன மேடம் விளையாடறீங்களா? வீட்ல கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிடற மனுஷன் இவர்!"

"அப்போ மதியம் எங்கே இருந்தார்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

மனைவி திரும்பினாள். இடுப்பில் கை வைத்தாள்.

"எவ அவ?"

"ஐயோ... அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல..."

"ரேஸ் இருக்கற ஞாயித்துக்கிழமை எல்லாம் போனை எடுக்கறதில்ல. கேட்டா கஸ்டமருக்குக் கண் டெஸ்ட்டுங்கறது. நானும் ரொம்ப நாளாப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க. எவ?"

பல்லி யோசித்தான். ஒரு பெண் என்றே சொல்லிவிட்டால் என்ன? உண்மையைவிட அதில் கொஞ்சம் கௌரவம் இருப்பதாகக்கூட அவனுக்குப் பட்டது. ஆனால் மனைவியின் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ரேஸ் பார்த்தேன்" என்றான். பாதி சத்தம்தான் வெளியே வந்தது.

"என்ன?"

"லைவ்ல ரேஸ் பார்த்தேன். இருட்டு ரூம்ல, மொபைல்ல. யார் ஜெயிச்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, சாயங்காலம் போய் ஒண்ணும் தெரியாத மாதிரி எழுதுவேன். ரெண்டு வருஷமா இதான் பண்றேன்."

கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இதுக்கா?" மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த அல்ப விஷயத்துக்கா கொலைப் பழியைத் தலையில வாங்கிக்கப் பார்த்தீங்க?"

"உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். அந்த ரூம்ல நான் பேசினா டிவியை நிறுத்திட்டுக் கேட்பாங்க. நம்ம வீட்ல நான் பேசினா மிக்ஸியைக்கூட நிறுத்த மாட்டீங்க."

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பல்லி கண்ணாடியைக் கழற்றினான். முகம் முழுக்க ஈரம். "ஜாக்கி சொல்லப் போறது என்னைப் பத்தித்தான்னு நினைச்சேன் மேடம். போன் பண்ணி, தயவுசெஞ்சு சொல்லிடாதேன்னு கெஞ்சினேன். அவன், 'அண்ணே... உங்களுக்குமா அதுல பங்கு?'ன்னு கேட்டான். போனை வெச்சுட்டான்."

"பங்கா? ரேஸ் ஜோசியத்துல என்ன பங்கு?"

"அதுதான் எனக்கும் புரியல."

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரைத் திறந்து அந்த ரப்பர் சுருளை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் அங்க என்னென்ன பேசினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னான். மழை, கிழவன், சுருட்டை, நீல டீம், மீசை வரைக்கும் சொன்னான். மீசை வந்ததும் கான்ஸ்டபிள் துள்ளி எழுந்தார். இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்து நீளமாக என்னவோ சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"கிளம்புங்க. இதை உங்க கூட்டாளிங்க முன்னாடி இன்னொரு தடவை சொல்லணும்."

"வேண்டாம் மேடம்!" பல்லி மேஜையைப் பிடித்துக்கொண்டான். "லாக்கப்லயே போடுங்க. அடிக்கணும்னா அடிங்க. அவங்க முன்னாடி மட்டும் சொல்ல வெக்காதீங்க..."

*

மாடி அறை. நாலு நாற்காலியில் நாலு பேர். ஐந்தாவது காலி.

பல்லி சொல்லி முடித்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அங்குலம் குறுகியிருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"பல்லி... நீயா?" முதலாளியின் குரல் உடைந்தது. "உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடினேனேடா!"

இன்ஸ்பெக்டர் மற்ற இருவரையும் பார்த்தார்.

"உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா வக்கீல் சார்?"

வக்கீல் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சட்டப்படி இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லணும்னு..."

"நேத்து மதியம் எங்கே இருந்தீங்க?"

"வீட்ல. கட்சிக்காரங்க வந்திருந்தாங்க."

"அவங்களை விசாரிச்சாச்சு. ரொம்ப நேரம் வாசல்லயே உக்காந்திருந்தாங்களாம். ஐயா உள்ள போனவர் வரவே இல்லையாம்."

வக்கீலின் வாய் திறந்து மூடியது. ஊருக்கே வாதாடுகிற வாய்!

"குளியலறை" என்றார் கடைசியில். "தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுட்டு... மொபைல்ல... லைவ்."

பல்லி சட்டென்று நிமிர்ந்தான்.

"நானும்தான்" என்றார் டீச்சர். யாரும் கேட்கவே இல்லை. "டியூஷன் பசங்களுக்கு டெஸ்ட் கொடுத்துட்டு சமையல் ரூம்ல நின்னு பார்ப்பேன். என்னால காத்திருக்க முடியாது. காப்பியடிக்கற பசங்களை வெளிய நிக்க வெக்கற டீச்சர் நான்... எப்படிச் சொல்வேன் மேடம்? தெரியாத மாதிரி காட்டிக்கணும்னு வேணும்னே தப்பா எழுதுவேன்."

"நானும் அதேதான்" என்றார் வக்கீல்.

பல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ... நான் கிழவன்னு எழுதினப்பவே..."

"தெரியும்" என்றார் வக்கீல்.

"எல்லா தடவையும்?"

"எல்லா தடவையும். உங்களைக் காட்டிக் கொடுத்தா எங்க வண்டவாளமும் வெளிய வந்துடுமே. அதனால கை தட்டினோம்."

ரெண்டு வருஷக் கைதட்டல்! பல்லிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஜாக்கி சொல்லப் போறது என்னைத்தான்னு நினைச்சேன்" டீச்சர் இப்போது அழ ஆரம்பித்திருந்தார். "செத்துட்டான்னு காலையில சொன்னாங்க. எனக்கு முதல்ல வந்தது அழுகை இல்ல மேடம். அப்பாடான்னு இருந்துச்சு. ஒரே ஒரு விநாடி. ஆனா இருந்துச்சு."

யாரும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. வக்கீலும் பல்லியும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு விநாடி அவர்களுக்கும் இருந்திருந்தது.

"சரி" இன்ஸ்பெக்டர் குரலை மாற்றினார். "லைவ் பார்த்தவங்களைக் கேள்வி கேட்டுச் சரிபார்த்துடலாம். மூணு பேருக்கும் கவலை இல்ல. முதலாளி, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வீட்ல தனியாத் தூங்கினேங்கறீங்க. தூக்கத்துக்கு யார் சாட்சி?"

முதலாளி மீசையைத் தடவினார். ஒரு தடவை. ரெண்டு தடவை. பிறகு தலையைக் கவிழ்த்தார்.

"மேடம்... விதி போட்டவனே மீறினேன்னு சொல்ல வெக்கமா இருக்கு. நானும் லைவ் பார்த்தேன். வீட்டு டிவியில."

"அட, நீங்களுமா? முழுசாவா?"

"ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும். இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கல."

"கடைசிச் சுத்துல கிழவன் யாரைத் தாண்டினார்?"

"அழுமூஞ்சியை! உள்பக்கமா நுழைஞ்சு!"

"சுருட்டை கார் எப்போ சுழண்டுச்சு?"

"மழை வலுக்கறதுக்கு முன்னாடி. கொண்டை ஊசி வளைவுல!"

டாண் டாண் என்று பதில் வந்தது. முதலாளியின் முகத்தில் தெளிவு வந்தது. கால் மேல் கால்கூடப் போட்டுக்கொண்டார்.

"மழைக்காக ரேஸை நிறுத்தினாங்களே... எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"அது... கொஞ்ச நேரம்தான். குடை பிடிச்சுட்டு நின்னாங்க. உடனே கிளம்பிட்டாங்க."

அறையில் மூன்று பேரின் மூச்சு ஒரே சமயத்தில் நின்றது.

"டீச்சர்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு மேடம்." டீச்சரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என் வீட்டுக்காரருக்கு ரேஸ்னா ஒண்ணும் தெரியாது. விளம்பரம் வெட்டச் சொன்னா, சும்மா மழைதானே பெய்யுதுன்னு அதையும் வெட்டிட்டார்."

"அந்த ஒரு மணி நேரத்துல டிவியில என்ன வந்துச்சு வக்கீல் சார்?"

"சுருட்டையோட பேட்டி. அடுத்த வருஷம் நீல டீமுக்குப் போறேன்னு அவர் வாயாலேயே சொன்னார். சொல்லும்போது அழுதுட்டார்."

"அதைப் பார்த்த மனுஷன் சாயங்காலம் மீசையைப் பந்தயம் வைப்பாரா முதலாளி?"

கால் மேல் இருந்த கால் கீழே இறங்கியது.

"நடிச்சேன் மேடம்! இவங்களை மாதிரி நானும்..."

"நடிக்கறவங்க தரையைப் பார்த்தாங்க. நீங்கதான் மீசையை முறுக்கினீங்க." இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். கான்ஸ்டபிள் ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு இரும்பு லீவர். டயர் கழற்றுகிற கடப்பாரை. "உங்க கடையில இருக்கற எல்லா லீவரும் கிரீஸ் அப்பிக் கறுப்பா இருக்கு. இது மட்டும் பெட்ரோல்ல குளிச்சுப் பளபளன்னு இருக்கு. ஏன்? அப்புறம் கோடவுன்ல ஒரு சூட்டுக்கத்தி. புது டயர் விக்கற கடைக்கு ரப்பர் சீவற கத்தி எதுக்கு?"

முதலாளி மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"தேஞ்சு போன டயர்ல மறுபடி வரி வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டுப் புதுசுன்னு வித்திருக்கீங்க. ஊரை ஏமாத்தறாங்கன்னு ஜாக்கி சொன்னது ரேஸை இல்ல. உங்களை!"

"போன மாசம் ஒரு வேன் கவிழ்ந்துச்சு..." முதலாளி உடைந்தார். "டயர் வெடிச்சு. ரெண்டு பேர் போயிட்டாங்க. அந்த டயரை மாட்டினது ஜாக்கி. அதுலேர்ந்து அவன் சரியாச் சாப்பிடல. 'நீங்களே போலீஸ்ல சொல்லிடுங்க முதலாளி, இல்லேன்னா நான் எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன்'னான். நேத்து மதியம் கோடவுனுக்குள்ள வந்து, சீவிப் போட்டிருந்ததை அள்ளிக் காட்டினான். அடிக்கணும்னு நினைக்கல மேடம். அவன் திரும்பி நடந்தான். லீவர் கையில இருந்துச்சு... அப்புறம் அவனை இழுத்து உக்கார வெச்சு, அவன் மேலேயே டயரா அடுக்கினேன்."

பல்லி காதைப் பொத்திக்கொண்டான். உங்களுக்குமா அதுல பங்கு? ஜாக்கி கேட்டதன் அர்த்தம் இப்போதுதான் அவன் மண்டையில் இறங்கியது. வேன் கவிழ்த்த திருட்டில் அண்ணனும் கூட்டு என்று நினைத்துக்கொண்டே அவன் செத்திருக்கிறான்! ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால்... என்ன விஷயம் ஜாக்கி என்று ஒரே ஒரு வார்த்தை. தன் மானம் ஒன்றுதான் அப்போது அவன் கண்ணில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சுவர் டயர்களைப் பார்த்தார்.

"இந்த ரூம்ல முடிவு தெரியாம உண்மையாப் பேர் எழுதினவங்க ரெண்டே பேர். ஒருத்தர் பிணம். இன்னொருத்தர் அவரைக் கொன்னவர்."

விலங்கு 'க்ளிக்' என்றது.

படியிறங்கப் போன முதலாளி, பல்லியின் முன்னால் நின்றார். கொலை செய்தவர். ரெண்டு உயிரை டயர் போட்டு வாங்கியவர். ஆனால் அவர் கண்ணில் இருந்தது நிஜமான வருத்தம்.

"எல்லாமே பொய்யா பல்லி? மழை வரும்னு தோணுதுன்னு சொன்னியே... அதுகூடவா?"

ஆமாம் என்று பல்லி தலையை ஆட்டினான்.

"ச்சீ... வெக்கமா இல்ல உனக்கு?"

கொலைகாரன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பல்லிக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த அறையில் அவனை நிஜமாக நம்பிக் கட்டிப் பிடித்த ஒரே ஆள், அந்த விலங்கு மாட்டிய ஆள்தான். அதை நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

வக்கீலும் டீச்சரும் படியிறங்கினார்கள். பல்லி, மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்தான். தன் டயரில் இருந்த 'கிழவன்' என்ற பெயரை அழுத்தித் துடைத்தான். பக்கத்து டயரில் கோணல் எழுத்தில் இருந்த ஜாக்கியின் 'கிழவன்' மட்டும் மிச்சம் இருந்தது. எத்தனையோ ரேஸ்களில் தோற்று, ஒரே ஒரு தடவை ஜெயித்த பெயர். அதைப் பார்த்துக் கை தட்ட ஜாக்கி இல்லை.

பல்லி தட்டினான். மெதுவாக, யாரும் இல்லாத அறையில். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

*

ஜீப் கிளம்பியது. பின்சீட்டில் முதலாளி. முன்சீட்டில் இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பேட்டி விஷயத்தை நல்ல நேரத்துல என் காதுல போட்டீங்க கான்ஸ்டபிள். சபாஷ்!"

"தேங்க்ஸ் மேடம்!"

"மழைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுச்சுன்னு அடிச்சுச் சொன்னீங்க. சுருட்டை அழுததைக்கூடச் சொன்னீங்க."

"எனக்கே கண் கலங்கிடுச்சு மேடம்!"

"இருக்காதா பின்னே. அது சரி... நேத்து மதியம் உங்களுக்கு பேங்க் வாசல்ல காவல் டியூட்டி இல்ல?"

கான்ஸ்டபிள் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அசடு வழிந்தது.

"மேடம்... அடுத்த ரேஸ்ல யார் ஜெயிப்பாங்கன்னு வேணும்னா சொல்லட்டுமா?"

"வேண்டாம். அடுத்த வாரம் நீங்க எந்த டீமுக்கு மாறப் போறீங்கன்னு நான் சொல்றேன்... டிராஃபிக்!"